மூன்றடி மண் என்றால் எவ்வளவு இடம்?

போன வாரம் ராத்திரி பாப்பாவுக்கு வாமனன் கதை படித்துக்கொண்டிருந்தேன். படப்புத்தகம்தான். குடையும் கமண்டலமுமாக ஒரு குட்டிப் பையன் வந்து மகாபலியிடம் மூன்றடி மண் கேட்கிறான். பக்கத்தைப் புரட்டப் போனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, மூணு அடின்னா இந்தப் பாய் அளவா?"

"பாய் அதைவிட நீளம்டி."

"நீளம் சரி. அகலம் எவ்வளவு கேட்டான்?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருஷமாக இந்தக் கதையைக் கேட்டிருக்கிறேன், சொல்லியிருக்கிறேன். அடி என்பது நீளம், அதை வைத்து நிலம் கேட்க முடியாது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அவளுக்கு ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பரப்பளவு என்ற சொல்லே தெரியாது. லீவுக்கு வந்திருக்கும் என் அக்கா மகனுக்கு அந்தச் சொல் தெரியும், சூத்திரமும் தெரியும். ஐந்தாம் வகுப்பு. நீளம் 12, அகலம் 9 என்றால் மூச்சு விடுவதற்குள் 108 என்பான். "108 என்னடா?" என்று கேட்டேன். "செ.மீ., சித்தி." சதுரம் என்று போடாததற்குப் பரீட்சையில் அரை மார்க் போயிருக்கிறது. அவனைப் பொறுத்தவரை 'சதுரம்' என்பது அந்த அரை மார்க்குக்காக எழுதும் வார்த்தை, அவ்வளவுதான். அங்கே 108 குட்டிச் சதுரங்கள் பாய் விரித்த மாதிரி படுத்திருக்கின்றன என்று யாரும் அவனுக்குக் காட்டவில்லை.

என் கட்சி இதுதான்: பரப்பளவு முதலில் பெருக்கல் கணக்கு இல்லை, ஓர் இடத்தை இடைவெளி விடாமல் நிரப்பும் வேலை. சூத்திரம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்னாலேயே அது குழந்தையின் கண்ணுக்குள் போய்விட வேண்டும். அதற்குப் படப்புத்தகத்தைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. புத்தகத்தின் பக்கமே ஒரு பரப்புதானே. ஒரு பக்கம் முழுக்க யானை அடைத்துக்கொண்டு நிற்கிறது, திருப்பினால் மூலையில் ஓர் எறும்பு. மிச்சம் எல்லாம் வெள்ளை. இடம் என்றால் என்ன என்று இதற்கு மேல் என்ன சொல்லிக் கொடுக்க?

ஆனால் தமிழில் கணக்குப் படக்கதை என்று தேடினால் என் கண்ணில் படுவது பெரும்பாலும் எண்ணுவது, வடிவங்கள், கூட்டல். ஸ்டோரிவீவர் மாதிரித் தளங்களில் இலவசமாகவே நிறையத் தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன, குறை சொல்லவில்லை. பரப்பு என்று வந்தால்தான் கதை காணாமல் போய், வேஷம் கட்டிக்கொண்டு பாடப்புத்தகம் வந்து நிற்கிறது. முயல் தோட்டம் போடும். பக்கத்தின் அடியில் "முயலின் தோட்டத்தில் எத்தனை கட்டங்கள்?" என்று ஒரு கேள்வி. அதைப் பார்த்ததும் பாப்பா புத்தகத்தை மூடிவிடுவாள். நானாக இருந்தாலும் மூடுவேன்.

ஓவியர்களிடமும் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. தரையை அழகாக, ஆழம் தெரிய வரைகிறார்கள். கிட்டே இருக்கும் டைல்ஸ் பெரிசு, தூரத்தில் இருப்பது சிறிசு. படமாக அருமை. அளக்கிற குழந்தைக்கு அது குழப்பம். எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்ற இடத்தில்தான் பரப்பளவே தொடங்குகிறது, படம் அதையே மறைத்துவிடுகிறது. ஒரே ஒரு பக்கத்தையாவது காக்கா பார்க்கிற மாதிரி மேலேயிருந்து வரையுங்கள். குழந்தைகள் தாங்களாக வரையும்போது பாருங்கள், வீடு நேராக நிற்கும், முன்னால் இருக்கும் குளம் மட்டும் மேலேயிருந்து பார்த்த வட்டமாக இருக்கும். அவர்களுக்கு அது இயல்பாகவே வருகிறது.

பியாஜே என்ற சுவிஸ் உளவியலாளரின் பசு மாட்டுச் சோதனையைப் பற்றிப் படித்திருக்கிறேன். ஒரே அளவில் இரண்டு பச்சை அட்டை, அவைதான் வயல். ஒவ்வொன்றிலும் ஒரு மாடு. இரண்டிலும் அதே எண்ணிக்கையில் வீடுகள் வைக்க வேண்டும். ஒன்றில் வீடுகளை ஒட்டி ஒட்டி, இன்னொன்றில் சிதறலாக. எந்த மாட்டுக்குப் புல் அதிகம்? இரண்டிலும் ஒரே அளவுதான். ஆனால் சின்னக் குழந்தைகள் பலர், வீடுகள் ஒட்டியிருக்கும் வயலில்தான் அதிகம் என்பார்கள். நான் தீப்பெட்டிகளை வைத்துச் செய்து பார்த்தேன். பாப்பாவும் அதையேதான் சொன்னாள். காரணம் கேட்டால், "இந்த மாடு வீட்டைச் சுத்திச் சுத்திப் போகணும்ல, பாவம்." அந்த மாட்டை வைத்து யாராவது ஒரு புத்தகம் போட்டால் முதல் பிரதி எனக்கு.

சரி, வாமனனுக்கு வருகிறேன். அடுத்த பக்கத்தில் அவன் வளர்ந்துவிட்டான். ஒரு காலடிக்குள் பூமி முழுக்க அடக்கம். பாப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது சீட்டிங். கேட்டது சின்னக் காலு, அளக்குறது பெரிய காலு" என்றாள். பக்கத்தில் படுத்திருந்த என் மாமியார் பெருமாளை அப்படிச் சொல்லக்கூடாது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கோ, அலகு பெரிதானால் எண்ணிக்கை குறையும் என்பதை இதைவிட நன்றாக யாராலும் சொல்ல முடியாது என்று தோன்றியது. சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு உலகளந்த கோல் என்றே பெயர். கால் ஆளுக்கு ஆள் மாறும், கோல் மாறாது. இப்போது நாம் 435.6 சதுர அடி ஒரு சென்ட், 2400 சதுர அடி ஒரு கிரவுண்ட் என்று வாயால் சொல்கிறோம். ஒரு சதுர அடியைக் கையால் காட்டச் சொன்னால் எத்தனை பேர் சரியாகக் காட்டுவோம்?

அதனால் மறுநாள் பழைய பேப்பரை ஓரடிக்கு ஓரடியாக வெட்டினோம். கடைக்குப் போட வைத்திருந்த கட்டு. சமையலறையில் விரிக்கச் சொன்னேன். முதல் தடவை இடைவெளி விட்டு விட்டுப் போட்டாள், 48 வந்தது. அதைச் சொன்னதும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி போட்டாள், 71. "ஒரே ரூம்புக்கு எப்படிம்மா ரெண்டு நம்பர்?" என்று அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் ஓரம் சேர்த்து அடுக்கினாள். 63. அக்கா மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு வரிசைக்கு ஒம்பது, ஏழு வரிசை" என்றவன், பிறகு மெதுவாக, "ஓ, அதுக்குத்தான் பெருக்குறமா?" என்றான். ஐந்தாம் வகுப்பு முடியப் போகிறது.

ஹாலுக்குப் பேப்பர் போதவில்லை. அங்கே இரண்டுக்கு இரண்டு டைல்ஸ். ஒரு டைல்ஸில் நாலு பேப்பர் சரியாக உட்காருவதைக் கண்டுபிடித்தாள். அப்புறம் பேப்பரைத் தூக்கிப் போட்டுவிட்டு டைல்ஸை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, பாத்ரூம், பால்கனி எல்லாம் சேர்த்து எண்ணினார்கள். சதுர அடியாக்கிக் கூட்டிப் பார்த்தால் 650-ஐத் தாண்டவில்லை. எங்களுக்கு வீட்டை விற்றவர் கொடுத்த தாளில் 920 சதுர அடி என்றிருக்கிறது.

"மிச்சம் எங்கேம்மா?" என்றாள். சுவர், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் வெட்டி மிச்சமிருந்த பேப்பர்களை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டினாள்.

"எங்கடி போற?"

"லிஃப்டுக்கு."