ஆலிசியாவைப் பேசவிடாத நாவல்

அலெக்ஸ் மைக்கேலிடிஸின் ‘தி சைலண்ட் பேஷன்ட்’ நாவலின் கருவைக் கேட்டாலே வாங்கத் தோன்றும். ஆலிசியா பெரன்சன், 33 வயது ஓவியர். நாற்காலியில் கட்டப்பட்டிருந்த கணவனை முகத்தில் ஐந்து முறை சுடுகிறாள். அதன் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஒரு சுய ஓவியம் மட்டும் வரைந்து அதற்கு ‘அல்செஸ்டிஸ்’ என்று பெயர் வைக்கிறாள். ஆறு ஆண்டுகள் கழித்து, அவளைப் பேசவைக்கிறேன் என்று தியோ என்கிற மனநலச் சிகிச்சையாளன், அவள் அடைக்கப்பட்டிருக்கும் லண்டன் மனநல மருத்துவமனைக்கு வேலைக்கு வருகிறான்.

2019-ல் வந்து உலகம் முழுக்க விற்றுத் தீர்ந்த புத்தகம். எனக்குப் பெரிய ஏமாற்றம். ஏன் என்று சொல்ல முடிவையும் சொல்லியாக வேண்டும். இனிமேல்தான் படிக்கப்போகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அல்செஸ்டிஸ் கதையைக் கி.மு. 438-ல் கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடிஸ் நாடகமாக்கினார். கணவன் அட்மீடஸின் உயிருக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொடுக்கிறாள் அல்செஸ்டிஸ். அவனும் அதை ஏற்றுக்கொள்கிறான். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்ளிஸ் அவளை மரணத்திடமிருந்து மீட்டுக் கொண்டுவரும்போது, திரும்பி வந்தவள் பேசுவதே இல்லை. மூன்று நாள் பேச முடியாது என்று ஹெராக்ளிஸ் ஒரு சடங்குக் காரணம் சொல்கிறான். ஆனால், தன்னைச் சாகவிட்ட கணவனிடம் அவள் என்னதான் பேசுவாள்?

மைக்கேலிடிஸ் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார். ஆலிசியாவின் சிறுவயதில் அம்மா விபத்தில் இறந்ததும், அம்மாவுக்குப் பதிலாக மகள் செத்திருக்கக் கூடாதா என்று அப்பா புலம்புவது அவள் காதில் விழுகிறது. பல ஆண்டுகள் கழித்து, முகமூடி போட்ட ஒருவன் இருவரையும் கட்டிப்போட்டு யார் சாகவேண்டும் என்று கேட்கும்போது, கணவன் கேப்ரியல் தன் உயிரையே தேர்ந்தெடுக்கிறான். இரண்டாவது முறையாக அவள் கொல்லப்படுகிறாள். நாவலின் உயிரே இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதற்குக் கிடைப்பது சில பக்கங்கள்தான்.

மற்ற பக்கங்களில் தியோ துப்பறிகிறான். நோயாளியின் அத்தை, அத்தை மகன், கணவனின் சகோதரன், ஓவியக்கூடக்காரர் என்று வீடுவீடாகப் போகிறான். சந்திக்கும் ஆண்கள் எல்லோர் மீதும் நமக்குச் சந்தேகம் வரவேண்டும் என்பதற்காகவே ஆளுக்கொரு ரகசியம். ஆலிசியாவின் நாட்குறிப்பில் உரையாடல்கள் வரிக்குவரி, நாவல் போலவே வருகின்றன. மனம் உடைந்துகொண்டிருக்கும் ஒருத்தி அப்படியா எழுதுவாள்?

அப்புறம் அந்தத் திருப்பம். தியோவின் மனைவிக்கு வேறொருவனோடு உறவு, அந்த வேறொருவன் கேப்ரியல், முகமூடிக்காரன் தியோ. இது ஆறு ஆண்டுக்கு முன் நடந்தது என்பதை மறைத்து, மருத்துவமனைக் கதையோடு ஒன்றாக நடப்பதுபோல் அடுக்கியிருக்கிறார். அகதா கிறிஸ்டி 1926-லேயே, ‘ரோஜர் அக்ராய்ட்’ நாவலில், கதைசொல்லியே மறைக்கும் உத்தியைச் செய்துகாட்டினார். அங்கே எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் நடுவில் ஒரு பத்து நிமிட இடைவெளி நம் கண்முன்னே கிடக்கும். திரும்பப் படித்தால் அந்தக் கதைசொல்லியைப் பற்றிய நம் எண்ணமே மாறும். இங்கே மாறுவது காலண்டர் மட்டும்தான்.

கடைசியில் ஆலிசியா வாய் திறக்கிறாள். அதுவும் தியோவைச் சோதிக்கச் சொல்லும் ஒரு பொய்க்கதை. உடனே அவன் ஊசி போட்டு அவளைக் கோமாவில் தள்ளிவிடுகிறான். இந்த ஆசிரியர் மனநலப் பிரிவு ஒன்றில் பகுதிநேரமாக வேலை பார்த்தவர். பேசாமல் உட்கார்ந்திருக்கும் மனிதர்களோடு ஓர் அறையில் இருப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் கோபம் அதிகமாக வருகிறது.

ஒரே மூச்சில் படிக்க ஏதாவது வேண்டும் என்றால் வாங்குங்கள், பக்கங்கள் ஓடும். ஆலிசியாவுக்காக வாங்குவதாக இருந்தால் வேண்டாம். யூரிப்பிடிஸைப் படியுங்கள், ஒரு மாலையில் முடித்துவிடலாம்.