வீட்டுக்குள் ரெண்டு கஞ்சா செடி வைத்தால் கேஸ் வராதா?

மண்டபம், கீழக்கரைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. வீட்டுக்குள் விளக்கு போட்டு, கஞ்சா செடியை வளைத்துக் கட்டி மொட்டைப் பெரிதாக்குவது எப்படி என்று காட்டுகிறார்கள், கூடவே "சொந்த உபயோகத்துக்கு ரெண்டு செடி ஓகே, ஒரு கிலோவுக்குக் கீழே கேஸ் கிடையாது" என்று தமிழில் ஒரு குரல் வேறு.

தப்பு. கனடாவில் 2018 முதல் ஒரு வீட்டுக்கு 4 செடி வரை வளர்க்கலாம், ஜெர்மனியில் 2024 முதல் ஆளுக்கு 3. அந்த ஊர் வீடியோவுக்குத்தான் இங்கே டப்பிங். நம்ம நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவில், அனுமதியில்லாமல் செடி வளர்ப்பதற்கு 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். ஒரு செடி, ரெண்டு செடி என்று விலக்கு எதுவும் அதில் இல்லை. அந்த ஒரு கிலோ கணக்கு, கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதற்கானது, அப்போதும் கேஸ் உண்டு, ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது ரெண்டும்.

"இலை சட்டத்தில் வராதே" என்பார்கள். சரி, பூவோடு சேராத இலையும் விதையும் கஞ்சா என்ற வரையறைக்குள் வராது, ஆனால் வீடியோ பெரிதாக்கச் சொல்வதே அந்தப் பூவைத்தானே!

வளைத்துக் கட்டும் வித்தை மட்டும் உண்மை. நுனிக்குருத்தில் சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்கக்கிளைகளை அடக்கி வைக்கும், நுனியைச் சாய்த்தால் அந்தப் பிடி தளர்ந்து கிளைகள் எழும். ஆசையிருந்தால் நம்ம முண்டு மிளகாய் நாற்றில் நுனி கிள்ளிப் பாருங்கள், போலீஸ் வராது.