விதை யாருடையது, உடல் யாருடையது?

மரபணு மாற்றம் என்று பேச்செடுத்தாலே இயற்கைக்கு விரோதம் என்று ஒரு கட்சி, அறிவியலை எதிர்க்காதே என்று இன்னொரு கட்சி. எனக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை.

முன்பு இன்சுலினைப் பன்றி, மாடு இவற்றின் கணையத்திலிருந்துதான் எடுத்தார்கள். மரபணு மாற்றிய பாக்டீரியாவில் தயாரித்த மனித இன்சுலினுக்கு 1982இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அதைத் தினமும் ஊசி போட்டுக்கொண்டு உயிர் வாழ்கிறவரிடம் இது இயற்கைக்கு விரோதம் என்று சொல்ல எனக்கு நா எழாது.

ஆனால் ஒரே நுட்பம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறாகிவிடுகிறது. ஹவாயில் ஒரு வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. அந்த வைரஸின் மரபணுத் துண்டு ஒன்றையே பப்பாளியில் சேர்த்து, எதிர்ப்புச் சக்தியுள்ள விதையை 1998இல் விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதே அமெரிக்காவில் பவுமன் என்ற விவசாயி, கிடங்கில் வாங்கிய சோயாவை விதைத்து, விளைந்ததில் விதை எடுத்து வைத்துத் திரும்ப விதைத்தார். அதில் மான்சாண்டோ என்ற விதை நிறுவனம் காப்புரிமை பெற்ற, களைக்கொல்லியைத் தாங்கவைக்கும் மரபணு இருந்தது. களைக்கொல்லி அடித்து, அதைத் தாங்கிய செடியைத்தான் அவர் விதைக்கு வைத்தார். தெரியாமல் செய்யவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2013இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக நிறுவனத்தின் பக்கம் நின்றது. 84,000 டாலருக்கு மேல் இழப்பீடு. சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். தன் வயலில் விளைந்ததை விதைத்ததற்கு ஒரு விவசாயி தண்டம் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

மருத்துவத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோய்க்கு, நோயாளியின் ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்து, மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் திருத்தி, அவருக்கே திரும்பச் செலுத்தும் சிகிச்சை 2023இல் வந்துவிட்டது. சம்மதிப்பவர் அவர், மாற்றமும் அவரோடு முடிகிறது. சீனாவில் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி செய்தது அப்படியல்ல. கருவிலேயே மரபணுவைத் திருத்தினார். 2018இல் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்த செய்தி வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவருக்கு மூன்றாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அந்த மாற்றம் குழந்தைகளின் உடலில் இருக்கிறது, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகலாம். அவர்களை யார் கேட்டார்கள்? இந்தக் கதவை இப்போதைக்கு மூடியே வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் வரவேற்கிற அந்த அரிவாள் செல் சிகிச்சைக்கு அமெரிக்காவில் விலை 22 லட்சம் டாலர். அந்த நோயோடு பிறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில் பிறக்கிறார்கள். பொதுப்பணம் வாங்கும் ஆராய்ச்சிக்கு, மருந்தின் விலையிலும் விதையின் உரிமையிலும் ஆரம்பத்திலேயே நிபந்தனை போடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.