பக் குட்டியின் விலையில் சேராத கணக்கு

"பக் குட்டி என்ன விலை போகுது?" என்று கேட்கிற ஆக்கள் கனபேர். அந்த நாயின் சப்பை மூக்கைப் பத்துப் பன்னிரண்டு வருசம் வைத்துப் பார்க்க என்ன போகும் என்று கேட்கிற ஆக்கள் குறைவு. லீவுக்கு வரும் சொந்தங்கள் "அம்மா அப்பாவுக்குத் துணைக்கு இருக்கட்டும்" என்று பக், ஷிட்சூ, பிரெஞ்ச் புல்டோக் எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவினம். பிறகு நாளுக்கு நாலு தரம் கண்ணுக்கு மருந்து விடுவதும், நடுச்சாமத்தில் வான் பிடிப்பதும் எழுபது வயது ஐயாவும் அம்மாவும்தான்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்து வெக்கைக்குச் சப்பை மூக்கு நாய் வாங்காதேங்கோ. ஏற்கனவே வீட்டில் நிற்குது என்றால், பிந்திச் செலவழிக்கிற காசை முந்திச் செலவழியுங்கோ. இந்த நாய்களில் ஒரு மாதம் பிந்தினால் அதே வருத்தத்துக்குப் பல மடங்கு போகும்.

ரூபாய்த் தொகை எதுவும் எழுதப் போவதில்லை. இன்றைக்கு எழுதும் விலை அடுத்த மாதம் பிழைத்துவிடும். எத்தனை தரம், எத்தனை டியூப், எத்தனை கிலோமீற்றர் என்று எழுதுகிறேன். உங்கள் வைத்தியர் வாங்கும் தொகையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கோ.

குட்டித் தடுப்பூசி, விசர்நாய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணிக் குளிசை எல்லாம் ஒழுங்கையில் படுக்கிற ஊர்நாய்க்கும் உள்ள செலவு. அதை இதற்குள் சேர்க்கவில்லை. முகம் சப்பையாக இருப்பதால் மட்டும் வருகிற செலவைத்தான் பார்க்கிறோம். லண்டன் றோயல் வெட்டினரி கொலிஜ் 2022இல் வெளியிட்ட ஆய்வு பக் நாய்களை மற்ற நாய்களோடு ஒப்பிட்டது. மூச்சுப்பாதை அடைப்பு ஏறக்குறைய 54 மடங்கு, கண்ணின் முன்படலத்தில் (கோர்னியா) வரும் புண் 13 மடங்கு, தோல் மடிப்பில் வரும் தொற்று 11 மடங்கு. அந்த வரிசையிலேயே நானும் போகிறேன்.

மூச்சு. மண்டையோட்டைத் தலைமுறை தலைமுறையாகக் குறுக்கிக் குறுக்கி வளர்த்தார்கள். எலும்பு குறுகியது, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறுகவில்லை. நாக்கும் மென்அண்ணமும் (வாயின் மேற்புறத்துப் பின்பக்கச் சதை) ஏறக்குறைய பழைய அளவில், பாதிப் பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. மூக்குத் துவாரம் ஒரு கீறல்போல இருக்கும். கடையில் கட்டியான ஜூசை மெல்லிய ஸ்ட்ரோவால் இழுத்துப் பாருங்கோ, ஸ்ட்ரோ சப்பளிந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் இந்த நாயின் தொண்டைக்குள் நடப்பது அதுதான். இழுக்க இழுக்க மென்அண்ணம் தடிக்கும், குரல்வளை ஓரத்துச் சின்னப் பைகள் வெளியே பிதுங்கும், கடைசியில் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்ளே மடியும். அந்தக் கட்டத்துக்குப் போன பிறகு மூக்கை வெட்டி அகலமாக்கினாலும் பழைய மூச்சு திரும்பாது. அதனால்தான் முந்திச் செலவழிக்கச் சொல்கிறேன்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கோ. "குறட்டை விடுறான், என்ன வடிவு" என்று வீடியோ எடுத்துப் போடுகிற ஆக்களுக்கு இதைச் சொன்னால் கோபம் வரும், ஆனாலும் அது அடைப்பின் சத்தம். தாழ்ந்த குறட்டைச் சத்தம் மூக்கிலும் அண்ணத்திலும் இருந்து வருவது. விசில்போல உயர்ந்த சத்தம் வந்தால் குரல்வளை வரைக்கும் போய்விட்டது, நாள் கடத்தாதேங்கோ. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரித்தானிய கெனல் கிளப்பும் 2019இல் கொண்டுவந்த தரப்படுத்தலில் நாயை மூன்று நிமிடம் துள்ளோட்டமாக ஓட்டி, முன்னும் பின்னும் தொண்டையில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுகிறார்கள். அதன் வீட்டு வடிவத்தை நீங்களும் செய்யலாம். விடியக் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏற முதல், மட்டமான ஒழுங்கையில் மூன்று நிமிடம். முன்பு சத்தமில்லாமல் இருந்த நாய் ஓடியபின் கொறகொறத்தால் வைத்தியரிடம் காட்டுங்கோ. நாக்கு நீலம் பாய்ந்தாலோ ஓட மறுத்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்துங்கோ. அதற்குமேல் சோதிக்க ஒன்றுமில்லை.

மூக்குத் துவாரத்தின் பக்கச் சதையில் ஒரு ஆப்பு வடிவத் துண்டை எடுத்து இரண்டு மூன்று தையல் போடுவதுதான் துவார அறுவை. அண்ணம் நீளமென்றால் அதையும் கத்தரிப்பார்கள். ஒரு வயது தாண்டும்போது, குரல்வளை கெடுவதற்கு முன் செய்தால் பலன் அதிகம். காசு மிச்சம் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. கருத்தடை செய்யப் போகிறீர்கள் என்றால் மூக்கையும் அதே மயக்கத்தில் செய்ய முடியுமா என்று கேளுங்கோ. ஒரு மயக்கச் செலவு மிச்சம், அதைவிட முக்கியமாக ஒரு மயக்க ஆபத்து மிச்சம்.

இந்த நாய்கள் மயக்கத்தில் போவதைவிட மயக்கம் தெளியும்போது சாவதுதான் பயம். மூச்சுக்காகத் தொண்டைக்குள் விட்ட குழாயை எடுத்தவுடன் அண்ணம் சரிந்து அடைக்கும். ஆகவே திகதி எடுக்க முதல் வாய்விட்டுக் கேளுங்கோ: வாயு மயக்க மெசின் இருக்கிறதா? மயக்குவதற்கு முன் ஐந்து நிமிடமாவது முகமூடியில் ஒட்சிசன் கொடுப்பீர்களா? சின்ன அளவுக் குழாய்களும் கைவசம் இருக்கிறதா? (புல்டோக்கின் மூச்சுக்குழல் உடம்புக்கு ஏற்ற பருமனில் இருக்காது, பார்த்து மதிப்பிட்ட அளவு உள்ளே போகாது.) நாய் தலையைத் தூக்கித் தானே குழாயைத் துப்பப் பார்க்கும்வரை பக்கத்தில் ஒருவர் இருப்பாரா? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார்.

பதில் "இல்லை" என்றால் கொழும்பு, அல்லது பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை போதனா மருத்துவமனை. இந்த இடத்தில்தான் யாழ்ப்பாணத்துக் கணக்குத் தனியாகப் பிரியும். கண்டி வீதியால் கண்டி வரைக்குமே 321 கிலோமீற்றர். போய்வர 642. காட்டுவதற்கு ஒரு தரம், அறுவைக்கு ஒரு தரம், திரும்பக் காட்ட ஒரு தரம், ஆக 1926 கிலோமீற்றர். ஏசி இல்லாத வானில் பகலில் ஏற்றினால் மூச்சு வருத்தத்துக்கு வைத்தியம் தேடிப் போன நாய் வழியிலேயே முடிந்துவிடலாம். இராப் பயணம், ஏசி வான், தங்க ஒரு அறை. பல வேளை அறுவைக் காசைவிட வான் காசு கூட.

அடுத்தது வெக்கை. நாய் வியர்த்துக் குளிர்வதில்லை, இளைத்துத்தான் குளிரும். இளைக்கிற பாதையே அடைத்திருந்தால் சூடு உள்ளேயே நிற்கும். நாயின் சாதாரண உடற்சூடு ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை. 41 தொட்டால் மூளை, சிறுநீரகம், இரத்தம் உறையும் தன்மை எல்லாம் கெடத் தொடங்கும். அன்றைக்குத் தப்பினாலும் சேலைன், ஒட்சிசன், இரத்தப் பரிசோதனை என்று இரண்டு நாளாவது கவனிப்பில் வைக்க வேண்டி வரும்.

விழுந்துவிட்டால் முதலில் குளிராக்குங்கோ, பிறகு ஏற்றுங்கோ. எங்கள் ஆக்கள் விடுகிற பிழை ஒன்று இருக்கிறது. மத்தியானம் பைப்பைத் திறந்து நாய்மேல் பிடிப்பார்கள். மேல் தாங்கியில் காலையில் இருந்து வெயில் குடித்த தண்ணீர் அது, முதல் வாளி கை வைக்க முடியாமல் சுடும். கிணற்றில் அள்ளுங்கோ. வயிறு, தொடை இடுக்கு, கழுத்து எல்லாம் நனைய ஊற்றி ஃபேனைப் போடுங்கோ. ஈரத் துவாயைப் போர்த்துவிட்டு அப்படியே விட்டால் அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மலவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்து 39.5க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கோ, இல்லாவிட்டால் மறுபக்கம் அதிகமாகக் குளிர்ந்துவிடும். மயங்கின நாயின் வாய்க்குள் தண்ணீர் வார்க்கவே வேண்டாம்.

வராமல் தடுக்க ஏசி போட்டால் அதற்கும் ஒரு கணக்கு. 9000 பி.ரி.யூ (BTU) ஏசி மணிக்கு 0.7 யூனிட் எடுக்கிறதென்று வையுங்கோ. பகலில் எட்டு மணித்தியாலம், முப்பது நாள், 168 யூனிட். வீட்டின் மிச்சப் பாவனையோடு சேர்ந்தால் 180ஐத் தாண்டும். தாண்டினால் கரண்ட் பில்லில் மிக உயர்ந்த கட்டம். வைத்தியச் செலவு என்று இதை ஒருவரும் எழுதுவதில்லை, நான் எழுதுவேன்.

கண்தான் என்னைக் கேட்டால் அதிகம் ஏமாற்றுகிற இடம். கண்குழி ஆழமில்லை, விழி வெளியே தள்ளி நிற்கும், இமை முழுதாக மூடாது. நித்திரையில் பாருங்கோ, பல பக் நாய்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கீறல் தெரியும். அந்த இடம் காயும், புண்ணும் அங்கேதான் வரும். மற்ற நாய் மோப்பம் பிடிக்கப் போனால் மூக்கு முதலில் போகும், கண் பின்னால் வரும். இதற்கு முன்னால் நிற்க மூக்கு இல்லை. முள்ளுக்கிளுவை வேலிக்குள் முகத்தைக் கொடுத்தால் கண்தான் முதலில் முள்ளைச் சந்திக்கும். சோளகக் காற்று வலிகாமத்துச் செம்மண் தூசியைக் கிளப்பும் மாதங்களில் இன்னும் மோசம்.

கண்ணைச் சுருக்கினால், காலால் தேய்த்தால், நீலப் படலம் தெரிந்தால் அன்றைக்கே காட்டுங்கோ. வைத்தியர் செம்மஞ்சள் சாயத் தாள் ஒன்றைத் தொட்டு வைத்து நீல வெளிச்சம் அடிப்பார், புண் இருக்கும் இடம் பச்சையாக ஒளிரும். மேலோட்டமான புண் என்றால் நுண்ணுயிர்க்கொல்லி சொட்டு மருந்து, கழுத்துக்குக் கூம்புப் பட்டி (கோன்), சில நாளில் திரும்பக் காட்டுதல். ஒரு கிழமைக்குள் ஆறவேண்டும். ஆறாவிட்டால் அது சாதாரணப் புண் இல்லை. ஒரு நாளில் முடியும் செலவு இப்படித்தான் கிழமைக்கணக்கில் இழுபடும்: மணிக்கு ஒருதரம் மருந்து, பிறகு இழையம் வைத்துத் தைக்கும் அறுவை, பிறகு கண்ணையே எடுக்கும் அறுவை.

கண் சிவந்தால் பாமசியில் போய் "கண் மருந்து ஒன்று தாங்கோ" என்று கேட்டு வாங்கி விடுவது எங்கள் ஊர் வழக்கம். அதில் டெக்சாமெதசோன், பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீரொயிட் இருந்தால், புண்பட்ட கண் உருகத் தொடங்கும். சிவப்பு உடனே குறையும், உரிமையாளருக்குச் சந்தோசம், ஆனால் கண்ணின் முன்படலம் கரைந்துகொண்டிருக்கும். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால், சாயச் சோதனை செய்யாமல் ஒரு துளியும் வேண்டாம்.

கண்ணீர் வற்றும் வருத்தம் வந்தால் ஆயுள் முழுக்க சைக்ளோஸ்போரின் அல்லது டக்ரோலிமஸ் களிம்பு, பெரும்பாலும் நாளுக்கு இரண்டு தரம். 3.5 கிராம் டியூப் மாதம் ஒன்று என்று வைத்தால், நாலு வயதில் தொடங்கி பன்னிரண்டு வரை 96 டியூப். இந்தப் பதிவில் ஒரு எண்ணைத்தான் மனதில் வைத்திருப்பீர்கள் என்றால் இதை வையுங்கோ. விழியே பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே தள்ளாதேங்கோ. சுத்தமான சேலைனில் நனைத்த துணியை மேலே வைத்து, காயவிடாமல், ஓட்டோவில் ஏறுங்கோ. கழுத்துப் பட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு நெஞ்சுப் பட்டி போடுங்கோ, கழுத்தை இழுக்க இழுக்க மூச்சும் கண்ணும் இரண்டும் கெடும்.

தோல் மடிப்பு மலிவானது, ஆனால் தினசரி வேலை. மிருகங்களுக்கென்று விற்கும் குளோர்ஹெக்சிடின் கிருமிநீக்கித் துடைதாளால் மடிப்பை விரித்துத் துடைத்து, பிறகு காய்ந்த பஞ்சால் ஒற்றியெடுங்கோ. கண்ணில் பட வேண்டாம். மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசுகிற ஆக்கள் இருக்கினம். எண்ணெய் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்துக்குச் சோறு போடும். பவுடர் கட்டியாகி உராய்ந்து புண்ணாக்கும். புல்டோக் என்றால் வாலடிக் குழியையும் மறக்க வேண்டாம். பல்லைப் பற்றிச் சுருக்கமாக: 42 பல் குறுகின தாடைக்குள் நெருங்கி நிற்கும், ஊத்தை சீக்கிரம் பிடிக்கும், சுத்தம் செய்ய மயக்கம் வேண்டும். பிரெஞ்ச் புல்டோக்கின் முதுகெலும்பு இன்னொரு தலையிடி. பின்கால் இழுபட்டால் எண்ணெய் தடவிக் காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்கோ.

"ஒரு ஈத்துக் குட்டி வித்தால் எல்லாச் செலவும் வந்திடும்" என்று சொல்லுகிறவர்களுக்கு: 2010இல் வந்த பிரித்தானிய ஆய்வில் புல்டோக் ஈத்துகளில் 86 சதவீதமும் பிரெஞ்ச் புல்டோக் ஈத்துகளில் 81 சதவீதமும் சத்திரசிகிச்சையில் பிறந்தவை. குட்டியின் தலை பெரிது, தாயின் இடுப்பு ஒடுக்கம். இரவு இரண்டு மணிக்கு நோ தொடங்கினால் வாயு மயக்கத்தோடு யார் கதவு திறப்பார் என்று தெரியாமல் நாயைச் சேர்க்காதேங்கோ. லாபத்தில் அதையும் கழியுங்கோ.

ஏற்கனவே வளர்ப்பவர்களுக்குச் செலவில்லாத மருந்து ஒன்றுதான், எடை. 7 கிலோ பக்குக்கு, கருத்தடை செய்திருந்தால், நாளுக்கு ஏறக்குறைய 420 முதல் 480 கலோரி போதும். ஒரு கப் சோறு 200. இரண்டு கப் போட்டால் இறைச்சிக்கு இடமே இல்லை. அப்பா பின்னேரத் தேத்தண்ணியோடு கொடுக்கிற மாரி பிஸ்கட் ஒன்று ஏறக்குறைய 25 கலோரி, நாலு கொடுத்தால் நாள் சாப்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மாதம் ஒருதரம் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு தனிய ஏறிக் கழித்துப் பாருங்கோ. விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும்.

இதெல்லாம் வாசித்த பிறகும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கெனல் கிளப் பேப்பரைப் பார்க்க முதல் தாய் நாயைப் பாருங்கோ. பேப்பர் வம்சத்தைச் சொல்லும், மூச்சைச் சொல்லாது. தாயை மூன்று நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கோ. மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, அடிவயிற்றில் அறுத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கோ. "வெயிலுக்குள்ள ஓடாது அண்ணை" என்று விற்கிறவர் சொன்னால், குட்டிக்குக் கொண்டுபோன காசோடு வீட்டுக்குத் திரும்பி வாங்கோ.