காரில் பழைய கார்ப்பெட் மேலேயே புதியதை விரிக்காதீர்கள்

காருக்குள் ஈர வாடை அடித்தால், "பழைய கார்ப்பெட்டைக் கழற்றவே வேண்டாம், அதன் மேலேயே புதியதை விரித்தால் வாடை போய்விடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாடை பெரும்பாலும் மேல் துணியிலிருந்து வருவதில்லை. அடியில் இருக்கும் பஞ்சு மெத்தையில் ஊறிய தண்ணீரிலிருந்து வருகிறது. மேலே தொட்டால் காய்ந்திருக்கும், கீழே பிழிந்தால் சொட்டும். அதை இன்னொரு விரிப்பால் மூடினால் ஈரம் அடைபட்டு, தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டை விழும். ஒரு பழைய காரில் இதை என் கண்ணாலேயே பார்த்தேன், ஸ்க்ரூடிரைவர் தகட்டுக்குள் இறங்கியது.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஏசி வடிகால் குழாய் அடைத்திருக்கலாம், கதவுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்திருக்கலாம், முன் கண்ணாடி ஓரம் கசியலாம். இனிப்பு வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது ஹீட்டரில் கசியும் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்.

இன்னொன்று, இரட்டை விரிப்பு ஆக்சிலரேட்டர் பெடலில் சிக்கும். இது உயிர் விஷயம்.

கார்ப்பெட்டை எடுக்கச் சீட்டைக் கழற்றும் முன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடங்கள் பொறுங்கள். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் அது ஏர்பேக் அல்லது சீட் பெல்ட் இணைப்பு, அதற்காகத்தான் பொறுக்கச் சொல்கிறேன்.