நாலு வரி போதுமாம்

நேற்று அந்த ஸ்கிரீன்ஷாட் வராத வாட்ஸ்அப் குழு எங்கள் கொழிஞ்சாம்பாறையில் (பாலக்காடு மாவட்டம், தமிழ்நாட்டு எல்லை) இருக்காது, அதனால் நான் மறுபடி ஒட்டவில்லை. அதில், தோல்பாவைக்கூத்துத் தமிழ்ப் பாட்டு இருக்கிறதா என்று ஒரு பெரியவர் கேட்கிறார். கேட்டதைத் தேடிச் சொல்லும் நம் ஒலிநூலகத்தின் ஏஐ ஏஜென்ட் ரொம்ப மரியாதையாக, "மன்னிக்கவும், இந்தச் சேகரிப்பில் அப்படி எதுவும் இல்லை" என்கிறது. இருக்கிறதப்பா. பதினோரு கேசட் இருக்கிறது. பூஞ்சை துடைத்து, பென்சில் விட்டுச் சுற்றி, கணினியில் ஏற்றியவன் நான்.

உடனே ஆளாளுக்கு ஏஐ-யைத் திட்டுகிறீர்கள். அது பாவம் என்ன செய்யும்? நம் அலமாரியை அது பார்த்ததே இல்லை. தேடும் கருவியின் பெயர், அதன் விளக்கக் குறிப்பு, என்னென்ன கொடுத்துத் தேடலாம் என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கையில் இருக்கும். குறிப்பில் எழுதாதது அதற்குத் தெரியாது. அந்தக் குறிப்பை நான் எழுதியது மூன்று பக்கம். "ஒரு தேடல் பெட்டிக்கு எதுக்குண்ணா இவ்வளவு?" என்று கேட்டு, அதை இன்னொரு ஏஐ-யிடம் கொடுத்து நாலு வரியாகச் சுருக்கிய பொள்ளாச்சித் தம்பி, இப்போது 'மாடல் சரியில்லை' என்று ஸ்டேட்டஸ் போடுகிறார்.

வெட்டுப்பட்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நம் பட்டியலில் மொழிக்கு ஒரே கட்டம், அதில் ஒரே மொழிதான் போடலாம். கூத்துப் பதிவுகள் எல்லாம் 'மலையாளம்' என்று ஏறியிருக்கின்றன, கேசட் அட்டையில் இருப்பது மலையாள எழுத்து என்பதால். உள்ளே இருப்பதோ கம்பன் பாட்டு. பகவதி கோயில் கூத்துமாடத்தில் விடிய விடியப் புலவர்கள் பாடுவது தமிழ், இடையில் சொல்லும் விளக்கம் தமிழும் மலையாளமும் கலந்தது. அதனால்தான் எழுதியிருந்தேன்: "கூத்து, கண்யார்களி என்று கேட்டால் மொழியை வைத்து வடிகட்டாதே. காலிப் பட்டியல் வந்தால் இல்லை என்று சொல்லிவிடாதே, மொழியை எடுத்துவிட்டு இன்னொரு முறை தேடு." (கண்யார்களி இந்தப் பக்கத்துக் கோயில் ஆட்டம்.) அந்த வரி போனது. ஏஜென்ட் 'தமிழ்' என்று வடிகட்டியது, காலி வந்தது, இல்லை என்றது.

ராகத்துக்கும் இதே கதைதான். இந்துஸ்தானி ஹிந்தோல் வேறு, நம் கர்நாடக சங்கீத ஹிந்தோளம் வேறு. நம் ஹிந்தோளத்துக்கு அங்கே இணை மால்கௌன்ஸ். அவர்களுடைய தோடியைத் தேடினால் நம் சுபபந்துவராளிக்குப் போக வேண்டும், நம் தோடிக்குப் போகக் கூடாது. இதெல்லாம் அந்த நாலு வரியில் எங்கே இருக்கிறது?

அப்பா இங்கே கேசட் கடை வைத்திருந்தார். பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. கோடு போட்ட நோட்டில் படம், முதல் வரி, பாடியவர், கேசட் எண், ஏ பக்கமா பி பக்கமா என்று எழுதி வைத்திருப்பார். அவர் சாப்பிடப் போகும்போது கடையில் நான். ஒருநாள் ஒரு அம்மா 'மழைப் பாட்டு' கேட்டார். நோட்டில் மழை என்று ஆரம்பிக்கும் பாட்டு எதுவும் இல்லை, இல்லை என்று அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் அப்பா திட்டவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி படத்துப் பேரைக் கேளு. தெரியலைன்னா யார் நடிச்சதுன்னு கேளு." என் மூன்று பக்கமும் அந்தக் கடைசிப் பக்கத்திலிருந்து வந்ததுதான்.

"நீளமாக எழுதினால் டோக்கன் செலவு" என்பீர்கள் (மாடல் படிக்கும் சொல்துண்டுதான் டோக்கன்). சரி, அதில் நியாயம் உண்டு. குறிப்பு மொத்தமும் ஒவ்வொரு உரையாடலிலும் மாடலுக்குள் ஏறுகிறது. பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர் 1896-ல் பிறந்தார் என்பது தேடலுக்கு வேண்டாம்தான், பாசத்தில் எழுதிவிட்டேன். ஒரு பக்கம் வெட்டுங்கள், என்னைக் கேட்டு வெட்டுங்கள். "ஏஐ-யே குறிப்பும் எழுதிவிடுமே" என்பவர்களிடம் பேச எனக்குத் தெம்பு இல்லை. எந்தக் கேசட்டுக்கு எவன் தப்பாக அட்டை போட்டான் என்று அதற்கு யார் சொன்னது?

"புரோகிராம் கோடு (code) எழுதாத உனக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், எழுதவில்லை. தொடக்க விழாவில் கோடு எழுதியவர்களுக்கெல்லாம் பொன்னாடை. நான் 'கேசட் எடுத்துக் கொடுத்து உதவியவர்'. பொன்னாடைக்காக இதை எழுதவில்லை. (கொஞ்சம் அதற்காகவும்தான்.)

ஒரே கட்டம், ஒரே மொழி என்பதைப் பார்க்கும்போதே எனக்கு எரிகிறது. இந்தச் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1949-ல் திருக்கொச்சி ஆனது, 1956-ல் கேரளம் ஆனது. வீட்டுக்குள் பேச்சு அன்றும் இன்றும் தமிழ்தான். பாலக்காட்டில் நாங்கள் 'பாண்டி', அதாவது தமிழ்க்காரர்கள். கோயம்புத்தூரில் வாயைத் திறந்தால் 'மலையாளமா?' என்கிறார்கள். எங்களை எந்தக் கட்டத்தில் போடுவார்களாம்? இப்போது ஒரு மிஷினும் வந்து "தமிழ் எதுவும் இல்லை" என்கிறது. தமிழ் இல்லையாம், இங்கே!

அந்தப் பெரியவரின் எண்ணைத் தேடிப் பிடித்து இன்று காலையில் கூப்பிட்டேன். கும்பகர்ணன் வதைதான் வேண்டுமாம். ஏழாவது கேசட், பி பக்கம். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். ஒரு பாட்டு முடிகிற வரை அந்தப் பக்கம் பேச்சே இல்லை. அப்புறம், "இன்னொரு தடவை போடு தம்பி" என்றார்.