மணி அடித்தால் காசு போகாது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: தெரியாத வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து கோல் வந்து மணி அடித்தாலே காசு வெட்டுப்படுமாம், எடுத்தால் சிம் பிரதியாகுமாம். இரண்டும் பிழை.

மணி அடிக்கும்போது நடப்பது வெறும் சமிக்ஞைப் பரிமாற்றம். யாரை இணைக்க வேண்டும் என்ற தகவலை ஒரு தொலைபேசி இணைப்பகம் அடுத்ததற்குச் சொல்கிறது. 1980களில் பரவத் தொடங்கிய ஏழாம் இலக்கச் சமிக்ஞை முறையில் இந்தத் தகவல் குரலோடு கலக்காமல் தனி வழியில் போகிறது. நீங்கள் எடுத்ததும் ‘பதில் கிடைத்தது’ என்ற செய்தி திரும்பிப் போகும். கட்டணம் அதன் பிறகுதான் ஓடும், அதுவும் அழைத்தவருக்கு. சிம்மைப் பிரதியெடுக்க அதற்குள் இருக்கும் இரகசியத் திறவுகோல், அதாவது சிம்மை அடையாளம் காட்டும் இரகசிய எண், வேண்டும். அது வெளியே வருவதே இல்லை. கோலை எடுப்பதால் அதைப் பிரதியெடுக்க முடியாது.

தெரியாத வெளிநாட்டு மிஸ்ட் கோலுக்கு நீங்கள் திருப்பி எடுத்தால் காசு அதிகமாகப் போகலாம். கவனம் அங்கேதான் வேண்டும்.

சந்தேகமென்றால் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். மணி அடித்து ஓய்ந்த பிறகு மீதிக் காசையும் பாருங்கள், குறைந்திருக்காது. இந்த வதந்தியால், கனடாவில் இருந்து பிள்ளை எடுக்கும் கோலைத் தூக்கவே அம்மாமார் பயப்படுகிறார்கள். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.